எக்ஸ்டர்னல் டிரைவ் கரப்ட் ஆயிருச்சா? அடிக்கடி கேக்கற கேள்விகளும் பதிலும்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், எஸ்எஸ்டின்னு எது மக்கர் பண்ணினாலும் வர்ற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், கேக்கற ஆள் தான் மாறுறாங்க. ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து டைப் பண்ணி முடியல, அதான் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். அவசரமா வந்திருந்தீங்கன்னா 1, 5, 10 இந்த மூணையும் படிச்சிட்டு அதுக்கப்புறம் எந்த பட்டன வேணாலும் அமுக்குங்க.

1. டிரைவ சொருகினதும் "ஃபார்மட் பண்ணினா தான் யூஸ் பண்ண முடியும்"னு வருது ப்ரோ, ஓகே குடுத்துடலாமா?

குடுக்காதீங்க, கேன்சல் பண்ணுங்க. "இதுல இருக்கிற ஃபைல் சிஸ்டம் என்னன்னு எனக்குப் புரியல" அப்படிங்கறத தான் விண்டோஸ் இப்படி பயமுறுத்தற மாதிரி சொல்லுது. டிரைவ் நல்லா இருந்தாக்கூட இது வரும், மேக்ல ஃபார்மட் பண்ணினதோ லினக்ஸ்ல ஈஎக்ஸ்டி4ல ஃபார்மட் பண்ணினதோ சொருகினா இதே பெட்டி தான் வந்து நிக்கும். கடைசியா எந்த மெஷின்ல ஒழுங்கா வேல செஞ்சுதோ முதல்ல அதுல போட்டுப் பாருங்க.

ஏற்கனவே ஓகே குடுத்துட்டீங்கன்னா, அது க்விக் ஃபார்மட்டா ஃபுல் ஃபார்மட்டாங்கறது தான் முக்கியம். ஹார்ட் டிஸ்க்ல க்விக் ஃபார்மட்னா பழைய டேட்டா பெரும்பாலும் அப்படியே கெடக்கும், புதுசா ஒரு ஃபைல் கூட காப்பி பண்ணாம நேரா 14வது கேள்விக்கு போங்க. ஃபுல் ஃபார்மட் விஸ்டா காலத்துலேர்ந்து டிரைவ் முழுக்க சைபர் எழுதிட்டே போகுது, நடுவுல கேன்சல் பண்ணினாக்கூட அது தாண்டிப் போன இடத்துல இருந்தது திரும்ப வராது.

2. கரப்ட் ஆயிருச்சுன்னா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்ல. புத்தகத்துல பொருளடக்கம் கிழிஞ்சு போனா பக்கங்கள் உள்ளயே தானே இருக்கும், அதே கதை தான். எந்த ஃபைல் எந்த இடத்துல ஆரம்பிக்குது, எவ்ளோ நீளம், எந்த ஃபோல்டர்ல இருக்கு, எந்த இடம் காலி, இந்தக் கணக்கு தான் ஃபைல் சிஸ்டம். கரப்ட்னா இந்தக் கணக்குல ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, அவ்ளோ தான்.

ஆனா ரெண்டாவது வகை ஒண்ணு இருக்கு, டிஸ்க்கே படிக்க முடியாம போறது, அதாவது பேட் செக்டார் (செக்டார்னா டிஸ்க்ல டேட்டா எழுதற சின்னத் துண்டு, அது கெட்டுப்போறது), செத்துட்டிருக்கிற ஹெட் (தட்டு மேல பறந்து படிக்கற, எழுதற பாகம்), சிப் போன பென் டிரைவ். வெளில பாத்தா ரெண்டும் ஒரே எரர் மெசேஜ் தான் காட்டும். வைத்தியம் மட்டும் நேர் எதிர். ஒண்ணுக்கு ரிப்பேர் டூல் மருந்து, இன்னொண்ணுக்கு அதே டூல் விஷம்.

3. காப்பி 100 சதவீதம் முடிஞ்சு விண்டோவே மூடிருச்சு, அப்புறம் தானே உருவினேன், அப்பவும் எப்படி கரப்ட் ஆகும்?

அந்த 100 சதவீதம் டிஸ்க்ல எழுதி முடிச்சதுக்கான கணக்கு இல்லாம இருக்கலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் டேட்டாவ மொதல்ல ராம்ல வாங்கி வச்சுக்கிட்டு "முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு பின்னாடி மெதுவா எழுதும், இது போதாதுன்னு டிரைவுக்குள்ளயே தனியா ஒரு கேஷ் வேற இருக்கு. லினக்ஸ்ல இது நல்லாவே கண்ணுக்குத் தெரியும், ஸ்லோவான பென் டிரைவ்ல பெரிய படத்த காப்பி பண்ணினா பார் சட்டுனு ஓடி முடிஞ்சிரும், அன்மவுன்ட் (எஜெக்ட் மாதிரி தான்) குடுத்தா நிமிஷக் கணக்கா நிக்கும், அப்ப தான் நெஜமாவே எழுதிட்டிருக்குன்னு அர்த்தம்.

விண்டோஸ் 10ல 1809 வெர்ஷன்லேர்ந்து எக்ஸ்டர்னல் டிரைவுக்கு "க்விக் ரிமூவல்" தான் டீஃபால்ட், அதனால முன்ன இருந்த அளவுக்கு ஆபத்து இல்லங்கறது உண்மை. ஆனா யாராச்சும் ஸ்பீடுக்காக "பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்" மாத்தி வச்சிருந்தா பழைய ஆபத்து அப்படியே திரும்ப வந்துரும். எதுவா இருந்தாலும் சேஃப்லி ரிமூவ் குடுத்துட்டே எடுங்க, ஹார்ட் டிஸ்க்னா உள்ள சுத்தற சத்தம் அடங்கற வரைக்கும் கைல தூக்காதீங்க.

4. எஜெக்ட் குடுத்தா "யூஸ்ல இருக்கு"ன்னே அடம் பிடிக்குது, எல்லாத்தையும் மூடிட்டேன், இப்ப உருவலாமா?

பிடிச்சு வச்சிருக்கிறது பெரும்பாலும் ஆன்டிவைரஸ், சர்ச் இன்டெக்ஸிங், இல்லாட்டி தம்ப்நெயில் போட்டுட்டிருக்கிற எக்ஸ்ப்ளோரர். ரெண்டு நிமிஷம் விட்டுட்டு திரும்ப குடுங்க. அப்பவும் விடலன்னா ஷட்டவுன் பண்ணிட்டு எடுங்க, அதுல பிரச்சினை வராது. ஒண்ணே ஒண்ணு, அடுத்து இந்த டிரைவ லினக்ஸ்ல போடப்போறீங்கன்னா ஷட்டவுனுக்கு பதிலா ரீஸ்டார்ட் குடுத்து, ஸ்க்ரீன் அணைஞ்சு திரும்ப லோகோ வரும்போது எடுங்க, ஏன்னு 16ல சொல்றேன்.

5. சரி, எனக்கு டிஸ்க்கே போச்சா இல்ல ஃபைல் சிஸ்டம் மட்டும் போச்சான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி இது தான். விண்டோஸ்னா ஈவன்ட் வியூவர் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதுல சிஸ்டம் போங்க, டிரைவ் மக்கர் பண்ணின நேரத்துக்கு ஸ்க்ரோல் பண்ணுங்க. சோர்ஸ் "டிஸ்க்"னு போட்டு நம்பர் 7 இருந்தா பேட் பிளாக், அது டிஸ்க் பிரச்சினை. 153 இருந்தா ஒரு இடத்த படிக்கப் போய் முடியாம திரும்ப முயற்சி பண்ணியிருக்கு, இது டிஸ்க்காவும் இருக்கலாம் கேபிளாவும் இருக்கலாம். 157னா டிரைவ் திடீர்னு காணாம போயிருக்கு, நீங்க உருவாமலே இது வந்திருந்தா கேபிள், பவர், பெட்டிக்குள்ள இருக்கிற போர்டு மேல சந்தேகப்படுங்க. சோர்ஸ் "என்டிஎஃப்எஸ்"னு (விண்டோஸோட சொந்த ஃபைல் சிஸ்டம்) போட்டு 55 மட்டும் தனியா இருந்து மேல சொன்ன எதுவும் இல்லன்னா ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். லினக்ஸ்காரங்க டிமெசேஜ் (கெர்னல் மெசேஜ் எல்லாம் காட்டற கமாண்ட்) ஓட்டிப் பாருங்க, "ஐ/ஓ எரர்"னு செக்டார் நம்பரோட வந்தா டிஸ்க், "ரீசெட்"னு திரும்பத் திரும்ப வந்தா கேபிள் பக்கம்.

அடுத்தது ஸ்மார்ட், அதாவது டிரைவே தன் உடம்பப் பத்தி எழுதி வச்சுக்கற ரிப்போர்ட். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவோ லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல்லோ போதும். ஹார்ட் டிஸ்க்னா நாலு வரி மட்டும் பாருங்க: 5 (மாத்தி ஒதுக்கின செக்டார்), 197 (படிக்க முடியாம பெண்டிங்ல நிக்கிற செக்டார்), 198 (சரி பண்ண முடியாதது), 199 (டிஸ்க்குக்கும் பெட்டிக்குள்ள இருக்கிற போர்டுக்கும் நடுவுல வர்ற எரர்). முக்கியமா ரா வேல்யூ காலத்த பாருங்க, பக்கத்துல இருக்கிற 100, 200 மாதிரி நம்பர் எல்லாம் கம்பெனி போடற மார்க், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ரா வேல்யூவ ஹெக்ஸ்ல காட்டும், செட்டிங்ஸ்ல டெசிமலுக்கு மாத்திக்கலாம், இல்லாட்டி 10னு பாத்துட்டு பத்துன்னு நெனப்பீங்க, அது 16. 197 சைபர தாண்டியிருந்தா ரிப்பேர் பேச்சையே எடுக்காதீங்க, நேரா 13.

6. எதுக்கெடுத்தாலும் "கேபிள மாத்திப் பாரு"ன்னு சொல்றாங்களே, சும்மா சொல்றதா நெஜமா?

நெஜம். 2.5 இன்ச் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் முழுக்க முழுக்க யூஎஸ்பி பவர்ல தான் ஓடுது. யூஎஸ்பி 2 போர்ட் குடுக்கறது 500 மில்லிஆம்ப், யூஎஸ்பி 3 குடுக்கறது 900, மோட்டார் சுத்த ஆரம்பிக்கற அந்த நிமிஷத்துல தான் கரன்ட் அதிகமா இழுக்கும். நீளமான, மெலிசான கேபிள்ல வோல்டேஜ் வழியிலயே குறைஞ்சிரும், டிரைவ் ஸ்டார்ட் ஆகும் அணையும் திரும்ப ஸ்டார்ட் ஆகும், எழுதிட்டிருக்கிறப்ப இது நடந்தா கரப்ட் தான். கேபிள் பழசாகி கனெக்டர் லூஸ் ஆனாலும் இதே கதி, லேசா ஆட்டினா கனெக்ட் போய் வருதுன்னா அத அன்னைக்கே தூக்கிப் போட்டுடுங்க.

டெஸ்ட் பண்றப்ப தனி பவர் இல்லாத ஹப்ல போடாதீங்க, டெஸ்க்டாப்னா கேபினெட் முன் பக்க போர்ட்டயும் தவிருங்க, மதர்போர்டு பின்னாடி நேரா சொருகுங்க. 3.5 இன்ச் பெரிய டிரைவ்னா அதுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியா வரும், அந்த அடாப்டர் சோர்ந்து போனாலும் டிஸ்க் செத்த மாதிரியே தான் நடிக்கும். கேபிள மாத்தினதுக்கு அப்புறம் டிஸ்கனெக்ட் ஆகாம ஓடினா அங்க தான் தப்பு இருந்திருக்கு. ஸ்மார்ட்ல 199 ஏற்கனவே ஏறியிருந்தா குறையாது, குறையலயேன்னு கவலைப்படாதீங்க.

7. சின்ன ஃபைல் எல்லாம் போகுது, பெருசா 200 ஜிபி காப்பி போட்டா பாதில டிஸ்கனெக்ட் ஆகி ஆகி வருது, ஏன்?

6ல சொன்ன பவர், கேபிள் முதல் சந்தேகம். அத தாண்டிட்டீங்கன்னா அடுத்தது பெட்டிக்குள்ள இருக்கிற யூஎஸ்பி பிரிட்ஜ் சிப். சில சிப்புக்கும் யூஏஎஸ்ங்கற வேகமான முறைக்கும் ஒத்துக்காது, லோடு ஏறினா ரீசெட் ஆயிரும். லினக்ஸ்ல அந்த டிவைஸுக்கு மட்டும் யூஏஎஸ் ஆஃப் பண்ணி பழைய முறைல ஓட்டலாம், ஸ்பீடு கொஞ்சம் குறையும் ஆனா நின்னு ஓடும். விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ஸ் உள்ள யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட ஆஃப் பண்ணிப் பாருங்க. எஸ்எஸ்டின்னா சூடு ஒரு காரணம், தொட்டுப் பாத்தாலே தெரியும்.

டிஸ்கனெக்ட் ஆகாம, ஸ்பீடு மட்டும் படுத்துருதுன்னா அது வேற விஷயம். இப்ப வர்ற போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் நிறைய எஸ்எம்ஆர் வகை, டிராக்க ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதற டிசைன், கேஷ் ஏரியா நிரம்பற வரைக்கும் நல்லா போகும், நிரம்பினா அது உள்ளயே அடுக்கி முடிக்கற வரைக்கும் பல செகண்டு மூச்சே விடாது. ஹேங் ஆயிருச்சுன்னு நெனச்சு அந்த நேரத்துல உருவறவங்க தான் அதிகம். உருவாதீங்க, லைட் மினுக்கிட்டிருந்தா வேல நடக்குது.

8. டிரைவ சொருகினாலே கம்ப்யூட்டரே ஹேங் ஆகுது, எடுத்தா தான் உயிர் வருது. வைரஸா?

வைரஸ் வாய்ப்பு ரொம்ப கம்மி. படிக்க முடியாத செக்டார் ஒண்ணு கிட்ட போனதும் டிரைவ் விடாம முயற்சி பண்ணும், ஆப்பரேட்டிங் சிஸ்டமும் திரும்ப கேக்கும், எக்ஸ்ப்ளோரர் அதோட பதிலுக்காக வாயப் பொளந்துட்டு நிக்கும். அந்த செக்டார் ஃபோல்டர் கணக்கு இருக்கிற இடத்துலயே இருந்துட்டா சொருகின உடனே ஹேங். இந்த அறிகுறி வந்த டிரைவ திரும்பத் திரும்ப சொருகிப் பாக்கறத நிறுத்துங்க, ஒவ்வொரு தடவையும் அதோட மிச்ச ஆயுசு தான் செலவாகுது. எக்ஸ்ப்ளோரர் தலையிடாத லினக்ஸ் லைவ் பென் டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்லேர்ந்தே ஓடற லினக்ஸ்) பூட் பண்ணி, ஆட்டோ மவுன்ட் (சொருகினதும் தானா திறக்கறது) ஆஃப் பண்ணிட்டு 13க்கு போங்க.

9. ஸ்மார்ட்ல "குட்"னு நீலமா காட்டுது, ஆனா கரப்ட் ஆயிட்டே இருக்கே?

குட்னு சொன்னா குட்னு நம்பிறக்கூடாது. கம்பெனி வச்ச எல்லைய தாண்டினா தான் டிரைவே தன்ன "ஃபெயில்"னு ஒத்துக்கும், அதுக்கு முன்னாடியே எத்தனையோ செத்துருது. இன்னொண்ணு, ஸ்மார்ட் பாக்கறது டிஸ்க்க மட்டும் தான். ராம் கெட்டுப்போய் தப்பான டேட்டாவ எழுதினாலோ, ஹப் சொதப்பினாலோ, நீங்க தெனமும் அப்படியே உருவினாலோ அதுல ஒண்ணும் தெரியாது. வேற வேற டிரைவ் எல்லாமே அதே கம்ப்யூட்டர்ல மட்டும் கரப்ட் ஆகுதுன்னா டிரைவ விட்டுட்டு மெம்டெஸ்ட் ஓட்டி ராம செக் பண்ணுங்க. பென் டிரைவ்ல பெரும்பாலும் ஸ்மார்ட்டே கிடையாது, சில யூஎஸ்பி பெட்டியும் அந்த தகவல வெளிய விடாது.

10. செக்டிஸ்க் ஓட்டுனா சரியாகும்னு எல்லாரும் சொல்றாங்க, ஓட்டிடவா?

செக்டிஸ்க்ங்கறது ஃபைல் சிஸ்டத்த செக் பண்ணி திருத்தற விண்டோஸ் கமாண்ட், அது யாருக்காக வேல செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். ஃபைல் சிஸ்டம் கணக்கு ஒத்துப்போகணும், அதுக்கு அவ்ளோ தான் வேணும். ஒரு ஃபோல்டரோட பதிவு பாதி கெட்டிருந்தா அத வெட்டி எறிஞ்சுட்டா கணக்கு சரியாயிரும், "பிரச்சினை சரி செய்யப்பட்டது"ன்னு சந்தோஷமா சொல்லும், அதுல உங்க கல்யாண போட்டோ இருந்துச்சுங்கறது அதுக்கு சம்பந்தமே இல்லாத விஷயம். மேக்ல ஃபர்ஸ்ட் எய்டும் லினக்ஸ்ல எஃப்எஸ்சிகேவும் இதே ஜாதி தான்.

அதனால என் வரிசை இது தான்: 5ல சொன்ன மாதிரி டிஸ்க் நல்லா இருக்கான்னு பாரு, டேட்டாவ வெளிய எடு, அப்புறம் ரிப்பேர். டிரைவ் லெட்டர் மட்டும் குடுத்து சும்மா ஓட்டினா செக்டிஸ்க் எதையும் மாத்தாது, படிச்சு சொல்லும், அத தைரியமா ஓட்டலாம். ஸ்லாஷ் எஃப் போட்டா திருத்தும். ஸ்லாஷ் ஆர் போட்டா திருத்தறதோட சேத்து டிரைவ்ல இருக்கிற ஒவ்வொரு செக்டாரையும் படிக்கும், பெரிய டிரைவ்னா ஒரு நாள் கூட ஓடும், செத்துட்டிருக்கிற டிஸ்க்க அடிச்சு முடிக்கறதுக்கு இத விட நல்ல வழி இல்ல. யூட்யூப்ல எல்லாரும் எடுத்ததும் ஸ்லாஷ் ஆர் போடறாங்க, எனக்கு அது பாத்தாலே எரிச்சல்.

11. ஓட்டிட்டேன் சார். இப்ப ஃபோல்டர காணோம், "ஃபவுண்ட் 000"னு என்னமோ வந்திருக்கு?

செக்டிஸ்க் சொந்தக்காரன் தெரியாம கெடைச்சத எல்லாம் போட்டு வைக்கிற இடம் அது. ஹிட்டன் ஃபோல்டரா இருக்கும், வியூல ஹிட்டன் ஐட்டமும் சிஸ்டம் ஃபைலும் தெரியற மாதிரி வைங்க. உள்ள போனா ஃபைல்0000, ஃபைல்0001னு வரிசையா சிஎச்கே எக்ஸ்டென்ஷனோட நிக்கும், டிர்0000னு ஃபோல்டரும் இருக்கலாம். ஃபோல்டர்னா யோகம், உள்ள பழைய பேர் அப்படியே இருக்கறதுண்டு. பேர் போன ஃபைல்னா அது என்ன வகைன்னு தலைல இருக்கிற கையெழுத்த வச்சு கண்டுபிடிக்கணும், ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தா ஜேபெக் எஃப்எஃப் டி8ன்னு ஆரம்பிக்கும், ஜிப்பும் இப்ப வர்ற வேர்டு எக்ஸெல் ஃபைலும் (டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) 50 4பி. ஆயிரக்கணக்குல இருந்தா இத ஆட்டோமேட்டிக்கா பண்ற டூல் இருக்கு. லினக்ஸ்ல இதே வேலைக்கு லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட்.

12. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல "ரா"ன்னு காட்டுது, செக்டிஸ்க் போட்டா ரா டிரைவுக்கு முடியாதுன்னு சொல்லுது. முடிஞ்சுதா கதை?

முடியல. ரான்னா 1ல சொன்ன அதே "எனக்குப் புரியல" தான். நிறைய தடவை முதல் சில செக்டார் மட்டும் கெட்டிருக்கும். என்டிஎஃப்எஸ் அதோட பூட் செக்டாருக்கு ஒரு நகல பார்ட்டிஷன் கடைசில வச்சிருக்கு, ஃபேட்32வும் எக்ஸ்ஃபேட்டும் ஆரம்பத்துலயே கொஞ்சம் தள்ளி ஒரு நகல் வச்சிருக்கும். டெஸ்ட்டிஸ்க்ங்கற ரெக்கவரி டூல்ல அட்வான்ஸ்டு, பூட்னு போனா ரெண்டையும் ஒப்பிட்டு காட்டும், மேல இருக்கிறது கெட்டு நகல் நல்லா இருந்தா ஒரே அமுக்குல திரும்ப வந்துரும். ஆனா அது டிரைவ்ல எழுதற வேல, 13 முடிஞ்சப்புறம் தான் பண்ணணும்.

பிட்லாக்கர் போட்டிருந்த டிரைவ்னா வேற வழி, 48 இலக்க ரெக்கவரி கீயோ பாஸ்வேர்டோ கைல இருந்தா விண்டோஸோட சொந்த ரிப்பேர் பிடிஈ டூல வச்சு வேற டிரைவுக்கு எடுக்கலாம். ரெண்டுமே இல்லன்னா யாராலயும் முடியாது, முடியும்னு சொல்றவங்கள நம்பி காசு குடுக்காதீங்க.

13. "முதல்ல காப்பி எடு"ன்னு சொல்றீங்க, எப்படி எடுக்கறது? காப்பி போட்டா தான் எரர் வருதே!

டிஸ்க் நல்லா இருந்து ஃபோல்டர் திறந்தா சாதாரண காப்பி போதும், முக்கியமானத மொதல்ல எடுங்க. எரர் வர்ற டிஸ்க்னா டிரைவ் முழுசையும் செக்டார் செக்டாரா இமேஜா எடுக்கணும், அதுக்கு க்னூ டிடிரெஸ்க்யூ. இலவசம், லினக்ஸ் லைவ் பென் டிரைவ்ல ஓட்டலாம். எடுத்து வைக்கப்போற டிரைவ் பழசவிட பெருசா இருக்கணும், அது ஃபேட்32வா இருக்கக் கூடாது, 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் அதுல நிக்காது.

இதோட அருமையே மேப் ஃபைல் தான். எந்த இடம் படிச்சாச்சு, எது தகராறுன்னு அதுல எழுதிட்டே வரும், கரன்ட் போனாலும் டிரைவ் பாதில தொங்கினாலும் அதே கமாண்ட திரும்ப குடுத்தா விட்ட இடத்துலேர்ந்து போகும். முதல் சுத்துல மைனஸ் என் போட்டு ஓட்டுங்க, நோண்டாம ஈசியா வர்றத எல்லாம் அள்ளிட்டு வந்துரும். ஸ்க்ரீன்ல "ரெஸ்க்யூட்" 99 புள்ளி சொச்சம்னு ஏறிட்டு, "பேட் ஏரியாஸ்" பக்கத்துல ஒரு சின்ன நம்பர் நின்னா நிம்மதியா இருக்கலாம். அப்புறம் ரெண்டாவது சுத்துல ரீட்ரை போட்டு மிச்சத்த நோண்டலாம். இதுக்கப்புறம் எல்லா சோதனையும் இமேஜ் மேல தான், ஒரிஜினல எடுத்து ஓரமா வச்சிடுங்க.

14. ரெக்கவரி சாஃப்ட்வேர் எது நல்லது? டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ரெண்டும் ஒண்ணா?

ரெண்டும் ஒரே பொட்டலத்துல வரும், வேல வேற. டெஸ்ட்டிஸ்க் தொலைஞ்ச பார்ட்டிஷன், கெட்ட பூட் செக்டார், அழிச்ச ஃபைல் பாக்கும், பேரும் ஃபோல்டரும் அப்படியே வர வாய்ப்பு இருக்கு. ஃபோட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தையே கண்டுக்காது, 11ல சொன்ன தலைக் கையெழுத்த வச்சு டிஸ்க் முழுக்க தேடி எடுக்கும், அதனால பேர் வராது, துண்டு துண்டா சிதறி இருந்த பெரிய வீடியோ உருப்படியா வராது. முதல்ல டெஸ்ட்டிஸ்க், கடைசி வழியா ஃபோட்டோரெக். காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர்னா ஃப்ரீ வெர்ஷன்ல பிரிவியூ பாத்து ஃபைல் நெஜமாவே திறக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் வாங்குங்க. மீட்டெடுக்கறத அதே டிரைவ்ல சேவ் பண்ணாதீங்க, இத சொல்லியும் பண்றாங்க.

எஸ்எஸ்டில ட்ரிம் (அழிச்ச இடம் எதுன்னு டிரைவுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்ற முறை) வேல செஞ்சிருந்தா அழிச்சதும் க்விக் ஃபார்மட் பண்ணினதும் பெரும்பாலும் போனது தான், கன்ட்ரோலரே அந்த இடத்துக்கு சைபர் காட்டிரும்.

15. மேக்ல சொருகினா ஃபைண்டர்ல வரவே இல்ல, டிஸ்க் யுட்டிலிட்டில மங்கலா தெரியுது. செத்துருச்சா?

எக்ஸ்ஃபேட் டிரைவா? முந்தின தடவை எஜெக்ட் பண்ணாம எடுத்திருந்தா மேக் அத மவுன்ட் பண்றதுக்கு முன்னாடி சத்தமே இல்லாம பின்னாடி செக் ஓட்டும். ஆக்டிவிட்டி மானிட்டர்ல "எஃப்எஸ்சிகே எக்ஸ்ஃபேட்"னு ஒரு பிராசஸ் இருக்கான்னு பாருங்க. இருந்தா விட்டுடுங்க, பெரிய டிரைவ்னா ரொம்ப நேரம் எடுக்கும், தானா வந்துரும். அத கொன்னா டிரைவ் உடனே மவுன்ட் ஆகறது உண்டு, அப்படி வந்தா அதுல எதுவும் எழுதாம டேட்டாவ வெளிய எடுக்கறதோட நிறுத்திக்கோங்க.

16. விண்டோஸ்ல நல்லா இருக்கற டிரைவ் லினக்ஸ்ல மட்டும் ரீட் ஒன்லியா வருது, இல்ல மவுன்ட்டே ஆகல?

ரெண்டு காரணம். ஒண்ணு, என்டிஎஃப்எஸ்ல "டர்ட்டி"ன்னு ஒரு குறி இருக்கு, ஒழுங்கா மூடாத டிரைவ்ல அது விழுந்திருக்கும், லினக்ஸ் 5.15லேர்ந்து வர்ற என்டிஎஃப்எஸ்3 டிரைவர் அத பாத்தா மவுன்ட் பண்ணவே மாட்டேங்கும். இன்னொண்ணு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், விண்டோஸ் ஷட்டவுன்னு சொல்லிட்டு கெர்னல தூங்க தான் வைக்குது, ரீஸ்டார்ட் குடுத்தா தான் முழுசா மூடும். 4ல ரீஸ்டார்ட் குடுக்கச் சொன்னது இதுக்கு தான்.

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டிட்டா சரியாயிருச்சுன்னு நெனக்காதீங்க, அது செக்டிஸ்க்குக்கு மாத்து இல்ல, மேலாப்புல சில விஷயத்த சரி பண்ணிட்டு மிச்சத்த விண்டோஸ் தலைல கட்டும். டிரைவ் ஈஎக்ஸ்டி4ஆ இருந்து ஓடிட்டிருக்கும்போதே திடீர்னு ரீட் ஒன்லி ஆச்சுன்னா அது லினக்ஸ் எரர பாத்து தானா கைய எடுத்தது, 5ல சொன்ன டிமெசேஜ் பாருங்க. அன்மவுன்ட் பண்ணாம எஃப்எஸ்சிகே ஓட்டவே கூடாது.

17. பென் டிரைவ் "ரைட் ப்ரொடெக்டட்"னு வருது, டிஸ்க்பார்ட்ல ரீட் ஒன்லி எடுத்தும் போகல?

எஸ்டி கார்டுன்னா பக்கத்துல இருக்கிற லாக் தள்ளியிருக்கான்னு பாருங்க. அது இல்லன்னா ஃப்ளாஷ் தேய்ஞ்சு கன்ட்ரோலரே எழுதறத நிறுத்திட்டிருக்கலாம், அத எந்த கமாண்டும் மாத்தாது. நல்ல விஷயம் என்னன்னா படிக்க விடுது, இருக்கிறத காப்பி பண்ணிட்டு கடாசிடுங்க.

18. காப்பி பண்ணின ஃபைல் எல்லாம் பேரும் சைஸும் சரியா இருக்கு, ஆனா பாதி ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. டிரைவ் 2 டிபி, ரொம்ப சல்லிசா கெடைச்சுது.

சல்லிசா கெடைச்சுதுன்னு நீங்களே பதில சொல்லிட்டீங்க. உள்ள இருக்கிறது சின்ன சிப், 2 டிபின்னு பொய் சொல்ற மாதிரி ஃபர்ம்வேர் மாத்தியிருப்பாங்க. நெஜ அளவு நிரம்பற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும், அதுக்கு மேல எழுதறது காணாம போகும், இல்ல பழசு மேலயே எழுதும். கணக்கு மட்டும் டிரைவோட ஆரம்பத்துல பத்திரமா இருக்கறதால பேரும் சைஸும் சரியா காட்டும். விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3, ரெண்டுமே டிரைவ் முழுக்க எழுதி திரும்ப படிச்சுப் பாக்கும். புது டிரைவ் எது வாங்கினாலும் டேட்டா போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை ஓட்டிடுங்க.

19. பெட்டிய பிரிச்சு உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க்க நேரா சாட்டால சொருகிப் பாத்தேன், பார்ட்டிஷனே இல்லன்னு சொல்லுது! நான் தான் கெடுத்துட்டேனா?

கெடுக்கல, அவசரப்பட்டு "இனிஷியலைஸ்" மட்டும் குடுத்துடாதீங்க. சில பெட்டில பிரிட்ஜ் சிப் 512 பைட் செக்டார 4096ஆ மாத்தி காட்டும், 2 டிபிக்கு மேல இருக்கிற டிரைவ பழைய எம்பிஆர் பார்ட்டிஷன்ல ஓட்டறதுக்கு செஞ்ச வேல. நேரா சொருகினா கணக்கு எல்லாம் எட்டு மடங்கு தப்பா போய் ஒண்ணும் தெரியாது. வேற சில பெட்டில சிப்பே என்க்ரிப்ட் பண்ணி தான் எழுதும், நீங்க பாஸ்வேர்டு வச்சிருக்காட்டியும். ரெண்டுக்கும் அதே பெட்டில திரும்ப போடறது தான் வழி, பெட்டி போர்டு செத்துருந்தா அதே மாடல் போர்டு தேடணும். யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கோட போர்டுலயே நேரா பத்த வச்சிருக்கிற மாடலும் உண்டு, அதுல பிரிச்சு பாக்க சாட்டாவே இருக்காது.

20. டிக் டிக்னு சத்தம் வருது, ஃப்ரீசர்ல வச்சா ஓடும்னு ஒருத்தர் சொன்னார்...

வைக்காதீங்க. வெளிய எடுத்ததும் காத்துல இருக்கிற ஈரம் தட்டு மேல படியும், ஹெட் அதுக்கு மேல எவ்ளோ சின்ன இடைவெளில பறக்குதுன்னு தெரிஞ்சா இந்த யோசனையே வராது. ஒரே சீரா டிக் டிக்னா ஹெட் வேல செய்யல, எந்த சாஃப்ட்வேரும் உதவாது, பவர உடனே எடுத்துடுங்க. டேட்டா முக்கியம்னா சுத்தமான அறை வசதி இருக்கிற ரெக்கவரி லேப் தான், அவங்க கிட்ட போறதுக்கு முன்னாடி வேற யாரும் அத திறக்க விடாதீங்க.

21. எல்லாத்துக்கும் பொதுவா எக்ஸ்ஃபேட் போட்டா போதும்னு சொல்றாங்க, அதுல தான் அடிக்கடி கரப்ட் ஆகுதுன்னும் சொல்றாங்க. எது தான் உண்மை?

ரெண்டும். எக்ஸ்ஃபேட் விண்டோஸ், மேக், லினக்ஸ், இப்ப வர்ற நிறைய கேமரா எல்லாத்துலயும் ஓடும், ஆனா ஜர்னல் கிடையாது. ஜர்னல்னா "இத மாத்தப் போறேன்"னு முன்கூட்டியே குறிச்சு வச்சுக்கறது, நடுவுல கரன்ட் போனாலும் அத பாத்து கணக்க நேர் பண்ணிக்கும். என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4ல அது இருக்கு, மேக்கோட ஏபிஎஃப்எஸ் பழசு மேல எழுதாம புது இடத்துல எழுதற முறைல அதே பாதுகாப்ப குடுக்குது. ஃபேட்32லயும் ஜர்னல் இல்ல, ஆனா ஃபேட் டேபிளுக்கு வழக்கமா ரெண்டு நகல் இருக்கும், எக்ஸ்ஃபேட்ல ஒண்ணே ஒண்ணு தான்.

ஜர்னல் காப்பாத்தறது கணக்க மட்டும், அந்த நிமிஷம் எழுதிட்டிருந்த ஃபைல் பாதி போறத அது தடுக்காது. என் கருத்து: ஒரே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல மட்டும் யூஸ் பண்ற டிரைவ்னா அதோட சொந்த ஃபைல் சிஸ்டம் போடுங்க, அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி சொருகறதுக்கு எக்ஸ்ஃபேட், அதுல ஒரே காப்பியா எதையும் வைக்காதீங்க. மேக் என்டிஎஃப்எஸ்ஸ படிக்கும், எழுதாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

22. டேட்டா எல்லாம் எடுத்தாச்சு. இப்ப ஃபார்மட் பண்ணி அதே டிரைவ யூஸ் பண்ணலாமா?

தப்பு கேபிள்லயோ உருவினதுலயோ இருந்துச்சுன்னா தாராளமா. டிஸ்க் மேல சந்தேகம்னா ஃபுல் ஃபார்மட் போடுங்க, அது முழுக்க எழுதறதால ஒரு சோதனையும் ஆச்சு. ஹார்ட் டிஸ்க்னா முன்னாடியே 5, 197 ரெண்டு நம்பரையும் குறிச்சு வச்சுக்கிட்டு முடிஞ்சதும் பாருங்க. பெண்டிங் செக்டார் மேல எழுதினா டிரைவ் அத ஏத்துக்கும், இல்ல வேற செக்டார மாத்தி ஒதுக்கும், அதனால 197 சைபர் ஆகறத பாத்து சரியாயிருச்சுன்னு குதிக்காதீங்க. 5 ஏறாம இருந்தா சும்மா எழுதும்போது கரன்ட் போனதால வந்த பெண்டிங்கா இருக்கலாம், ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப பாருங்க, அப்பவும் அதே நம்பர்னா ஓட்டலாம். 5 ஏறியிருந்து அடுத்த வாரமும் ஏறினா, போனா போகட்டும்னு நெனக்கற படம், சீரியல் போட மட்டும் வச்சுக்கோங்க.